பவர் ட்யூப் மாற்றினால் பயஸ் பார்த்தே ஆகவேண்டுமா? (ஹாட் ராட் டீலக்ஸ், 6எல்6ஜிசி)

ஆறுகம்பி (திருச்சி)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் ஃபெண்டர் ஹாட் ராட் டீலக்ஸ் கிட்டார் ஆம்ப் ஒன்று இருக்கிறது. 40 வாட், இரண்டு 6எல்6ஜிசி பவர் ட்யூப்கள். வேறொருவர் பயன்படுத்தியதை வாங்கினேன். அவர் கடைசியாக எப்போது ட்யூப் மாற்றினார் என்று அவருக்கே நினைவில்லை.

கொஞ்ச காலமாக ஒலி மங்கிவிட்டது. ஆறாவது கம்பியை அழுத்தி வாசித்தால் முன்பு இருந்த திடம் இல்லை, சேற்றில் கால் வைத்ததுபோல் அமுங்குகிறது. முன்பு போதுமாக இருந்த வால்யூம் இப்போது போதவில்லை. முன்னால் இருக்கும் மூன்று 12ஏஎக்ஸ்7 ட்யூப்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன், வித்தியாசம் இல்லை. அதனால் பவர் ட்யூப்கள்தான் தேய்ந்திருக்கின்றன என்று நினைக்கிறேன்.

பழுதுபார்க்கும் கடையில் கேட்டால், “ஜோடியாகப் பொருத்திய ட்யூப் வாங்கிச் செருகினால் போதும்” என்கிறார்கள். பயஸ், அதாவது வாசிக்காதபோது பவர் ட்யூப் இழுக்கும் மின்னோட்டத்தைச் சரியான அளவில் வைப்பது பற்றிப் படித்துப் பார்த்தால் ஒருவர் 60 மில்லிவோல்ட் வை என்கிறார், இன்னொருவர் 70 சதவீதம் என்கிறார். மல்டிமீட்டரும் சாலிடரிங் அயர்னும் உண்டு. எஃபெக்ட் பெடல்களைப் பிரித்துப் பழுதுபார்த்திருக்கிறேன். ட்யூப் ஆம்ப்பின் உள்ளே கைவைத்ததில்லை. நானே செய்யலாமா?

---

சாலிடர்மணம் (சென்னை)

செய்யலாம். ஆனால் பெடலில் இருப்பது 9 வோல்ட், இதில் இருப்பது 400 வோல்ட்டுக்கு மேல். அதிலும் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த அழுத்தம், மின்சாரத்தைச் சீராக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்களில் தங்கியிருக்கும். ஆம்ப் அணைந்திருக்கிறது என்பதை நம்பிக் கைவைக்காதீர்கள். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றில் இருபுறமும் காப்பிட்ட கிளிப் வயர் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு முனையை முதலில் சேசிஸில் (ஆம்ப்பின் உலோகச் சட்டத்தில்) மாட்டிவிட்டு, மறுமுனையை முதல் ஃபில்டர் கெபாசிட்டரின் பாசிட்டிவில் சில விநாடிகள் வையுங்கள். பிறகு மீட்டரால் அளந்து, 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகே விரல் உள்ளே போகவேண்டும்.

மின்சாரம் ஓடும்போது அளக்க வேண்டியிருந்தால் ஒரு கையால் மட்டும் அளங்கள், மறு கை சட்டைப் பையில் இருக்கட்டும். மீட்டரின் கறுப்பு முனையை அணைந்திருக்கும்போதே சேசிஸில் கிளிப் போட்டுவிட்டால் ஒரு கை போதும். மீட்டரும் அதன் கம்பிகளும் குறைந்தது 600 வோல்ட் தாங்குபவையாக இருக்கவேண்டும். வீட்டில் யாராவது பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள். அவருக்கு மெயின் ஸ்விட்ச் எங்கே என்று காட்டிவையுங்கள்.

இன்னொன்று: ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ட்யூப் ஆம்ப்பை ஓட்டக்கூடாது. சுமை இல்லாமல் சிக்னல் போனால் ட்யூப்களை ஸ்பீக்கரோடு இணைக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் எழும் மிகை மின்னழுத்தம் அதன் காப்பையே துளைத்துவிடும். சேசிஸை வெளியே எடுத்து வைத்தாலும் ஸ்பீக்கர் வயரை மறுபடி இணைத்துவிட்டுத்தான் சுவிட்சைப் போடவேண்டும்.

---

மதுரை ரிதம் (மதுரை)

நான் பல வருடங்களாகச் செருகி மட்டுமே வாசிக்கிறேன். மார்ஷல் 100 வாட் ஆம்ப், நான்கு இஎல்34 பவர் ட்யூப்கள். ஜோடிப் பொருத்தம் உள்ளதாக வாங்குவேன், அவ்வளவுதான். ஒரு பிரச்சினையும் வந்ததில்லை. தேவையில்லாமல் நண்பரைப் பயமுறுத்த வேண்டாம் என்று நினைக்கிறேன்.

---

சாலிடர்மணம் (சென்னை)

உங்கள் ஆம்ப் நன்றாக ஓடுவதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் பொருத்தம் வேறு, பயஸ் வேறு. இரண்டு ட்யூப்பும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றன என்பதைத்தான் பொருத்தம் சொல்கிறது. அந்த ஜோடி உங்கள் ஆம்ப்பில் எவ்வளவு மின்னோட்டம் இழுக்கும் என்பதைச் சொல்லாது. பழைய ஜோடி ஒவ்வொன்றும் 35 மில்லியாம்பியர் இழுத்த இடத்தில், அதே பெயர் அச்சிட்ட புதிய ஜோடி 22 இழுக்கலாம், 55ம் இழுக்கலாம். இரண்டுமே நல்ல ட்யூப்கள்தான்.

கிரிட்டுக்கு (ட்யூப்பின் உள்ளே மின்னோட்டத்தை அடக்கும் கம்பிவலை) கொடுக்கும் எதிர்மின்னழுத்தம், அதாவது மைனஸ் வோல்ட்தான் ட்யூப்பின் ஓய்வுநிலை மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. அந்த எதிர்மின்னழுத்தத்தை ஆம்ப் ஒரே அளவில் கொடுத்துக்கொண்டிருக்கும். ட்யூப் மாறினால் விளைவு மாறும். மின்னோட்டம் மிகக் குறைந்தால், மெதுவாக வாசிக்கும்போதும் சுரம் தேய்ந்து முடியும் இடத்திலும் ஒரு கரகரப்பு கேட்கும். இரண்டு ட்யூப்களும் வேலையைக் கைமாற்றிக்கொள்ளும் இடத்தில் விழும் இடைவெளி அது. மிக அதிகமானால் பிளேட் (எலெக்ட்ரான்கள் வந்து சேரும் வெளித்தகடு) சிவந்து, ட்யூப் சாகும். கூடவே ஸ்கிரீன் (இரண்டாவது கிரிட்) ரெசிஸ்டரையும் சிலவேளை டிரான்ஸ்ஃபார்மரையும் இழுத்துக்கொண்டு போகும்.

செருகினால் போதும் என்பது மேசா பூகி போன்ற ஆம்ப்களுக்குப் பொருந்தும். அவற்றில் பயஸ் திருகே இல்லை. அதற்குப் பதிலாக அந்த நிறுவனமே ட்யூப்களை அளந்து, தன் ஆம்ப்புக்கு ஏற்ற வரம்புக்குள் இருப்பவற்றை மட்டும் தன் பெயரில் விற்கிறது. ஹாட் ராட் டீலக்ஸில் திருகு இருக்கிறது. திருகு வைத்தவர்கள் காரணத்தோடுதான் வைத்திருக்கிறார்கள்.

---

டொராண்டோத் தந்தி (கனடா)

எண்களுக்கு வருகிறேன். ஆறுகம்பி, உங்களைக் குழப்பிய 60 மில்லிவோல்ட்டும் 70 சதவீதமும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.

ஹாட் ராட் டீலக்ஸின் உள்ளே டிபி30 என்று அச்சிட்ட ஒரு சோதனைப் புள்ளி இருக்கிறது. இரண்டு பவர் ட்யூப்களின் கேத்தோடுகளும் (எலெக்ட்ரான்கள் புறப்படும் முனைகள்) சேர்ந்து 1 ஓம் ரெசிஸ்டர் ஒன்றின் வழியாகத் தரைக்குப் போகின்றன. 1 ஓம் என்பதால் அங்கே தெரியும் ஒவ்வொரு மில்லிவோல்ட்டும் ஒரு மில்லியாம்பியர். ஃபெண்டர் சொல்லும் 60 மில்லிவோல்ட் என்பது இரண்டு ட்யூப்களுக்கும் சேர்த்து. தலைக்கு 30 மில்லியாம்பியர். இதை ஒரு ட்யூப்புக்கு 60 என்று எடுத்துக்கொண்டு திருகை ஏற்றியவர்களை நான் அறிவேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

70 சதவீதம் என்பது வேறு கணக்கு. 6எல்6ஜிசியின் பிளேட் தாங்கக்கூடிய உச்ச வெப்பம் 30 வாட். அதில் 70 சதவீதம் 21 வாட். அதை உங்கள் பிளேட் வோல்ட்டால் வகுக்கவேண்டும். 425 வோல்ட் இருந்தால் தலைக்கு 49 மில்லியாம்பியர். அதுதான் மேல் எல்லை. அதை இலக்காக வைத்துக்கொண்டு ஓடுபவர்கள்தான் அடிக்கடி ட்யூப் வாங்குகிறார்கள். 60 மில்லிவோல்ட்டில் அதே ஆம்ப் தலைக்கு சுமார் 12.75 வாட்டில், அதாவது 42 சதவீதத்தில் இருக்கும். என் காதுக்கு அது கொஞ்சம் வறட்சி. இரண்டுக்கும் நடுவில் எங்கோ உங்கள் ஆம்ப் இருக்கிறது.

கேத்தோடில் அளப்பதில் ஸ்கிரீன் மின்னோட்டமும் சில மில்லியாம்பியர் சேர்ந்திருக்கும். ஆகவே பிளேட்டின் உண்மை வாட் நீங்கள் கணக்கிட்டதைவிடச் சற்றுக் குறைவு. தவறினாலும் பாதுகாப்பான பக்கமே தவறுகிறோம்.

வேறு வகை பொருத்தினால் 30 என்ற எண்ணும் மாறும். 5881 என்றால் 23 வாட், இஎல்34 என்றால் 25, பழைய 6வி6ஜிடி என்றால் 12.

---

வால்வு ரேடியோ (யாழ்ப்பாணம்)

தம்பி, நான் கிட்டார் வாசிப்பவன் இல்லை. நீங்கள் ட்யூப் என்பதைத்தான் நாங்கள் வால்வு என்போம். வால்வு ரேடியோவும் சினிமாக் கொட்டகை ஆம்ப்ளிஃபையரும் பழுதுபார்த்த ஆள். இவர்கள் சொன்னதெல்லாம் சரி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்.

மீட்டரை எடுத்ததும் முதலில் சுவரில் உள்ள பிளக்கை அள. 230 வோல்ட் என்று புத்தகத்தில் இருக்கும். நம் ஊர்களில் மத்தியானம் 240 இருக்கும், இரவு எல்லா வீட்டிலும் விளக்கும் ஏசியும் போட்டால் 215க்கு இறங்கும். சுவரில் ஏறியது பிளேட்டிலும் ஏறும், வால்வைச் சூடாக்கும் ஹீட்டரிலும் ஏறும். ஹீட்டர் 6.3 வோல்ட், பத்து சதவீதம் கூடவோ குறையவோ தாங்கும். அதைத் தாண்டி நீண்ட நேரம் ஓடினால் கேத்தோடின் ஆயுள் போய்விடும். பயஸ் மின்னழுத்தமும் அதே டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வருவதால் அதுவும் கூடவே ஏறி ஓரளவு சமன் செய்யும். முழுதாகச் செய்யாது. அதனால் உன் வீட்டில் மின்சாரம் எந்த நேரத்தில் மிக உயரமாக இருக்கிறதோ அந்த நேரத்தில் பயஸ் வை. அப்போது பத்திரமாக இருந்தால் எப்போதும் பத்திரம். இரவில் இறங்கிய வோல்ட்டில் வைத்துவிட்டு, மறுநாள் உச்சி வெயிலில் மேடையில் ஜெனரேட்டரில் ஓட்டினால் கதை வேறு.

அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த 120 வோல்ட் ஆம்ப்பை ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டு ஓட்டுபவர்களுக்கும் இது பொருந்தும். அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. 60க்கு மட்டும் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர் 50இல் கூடுதலாகச் சூடாகும். கையை வைத்துப் பார்த்து, வைத்திருக்க முடியாத சூடு என்றால் யோசிக்கவேண்டும்.

பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் வால்வு செய்துகொண்டிருந்த காலத்தில் எங்களுக்கு இந்தப் பொருத்தம், ஜோடி என்ற கவலையெல்லாம் குறைவு. பத்து வாங்கி அளந்து நாமே ஜோடி சேர்ப்போம். இப்போது ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா என்று சில ஆலைகள்தான். 2022இல் ரஷ்யாவிலிருந்து வால்வு ஏற்றுமதி நின்றபோது விலை ஏறியது உங்களுக்கே தெரியும். ஆகையால் வாங்கியதை எரிக்காமல் வைத்துக்கொள்வதில் அக்கறை வேண்டும்.

---

ஏசி15 (கோவை)

இடையில் ஒரு கேள்வி. என்னுடையது வாக்ஸ் ஏசி15, இரண்டு இஎல்84. அதில் பயஸ் திருகு எங்கே என்று தேடிக் களைத்துவிட்டேன்.

---

டொராண்டோத் தந்தி (கனடா)

இருக்காது. அது கேத்தோடு பயஸ். கேத்தோடுக்கும் தரைக்கும் நடுவே இருக்கும் பெரிய ரெசிஸ்டரே எதிர்மின்னழுத்தத்தை உருவாக்குகிறது. ட்யூப் அதிகம் இழுத்தால் ரெசிஸ்டரில் வோல்ட் ஏறி, தானே ட்யூப்பை அடக்கும். எனவே புதியதைச் செருகி வாசிக்கலாம். ஆனால் ஒருமுறை அளந்துவிடுங்கள்: ரெசிஸ்டருக்குக் குறுக்கே உள்ள வோல்ட்டை அதன் ஓமால் வகுத்தால் மொத்த மின்னோட்டம். வாக்ஸ் ஆம்ப்கள் இஎல்84ஐ அதன் 12 வாட் எல்லையை ஒட்டியே ஓட்டுகின்றன. அந்த இனிமைக்கு அதுவும் ஒரு காரணம், அவற்றில் ட்யூப் சீக்கிரம் தேய்வதற்கும் அதுவே காரணம்.

---

ஆறுகம்பி (திருச்சி)

எல்லோருக்கும் நன்றி. புதிய ஜோடி வந்துவிட்டது. பழையதைக் கழற்றும் முன் அளந்து பார்த்தேன். நண்பர் ஒருவரிடமிருந்து பயஸ் புரோப் கிடைத்தது. ட்யூப்புக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே செருகுவது. ஒவ்வொரு ட்யூப்பையும் தனியாகக் காட்டுகிறது.

சுவர் 238 வோல்ட். பிளேட் 428. டிபி30இல் கச்சிதமாக 60 மில்லிவோல்ட். புரோப்பில் பார்த்தால் ஒன்று 41, மற்றொன்று 19!

---

சாலிடர்மணம் (சென்னை)

இந்த ஒரு அளவுக்காகவே இந்த இழை நீளட்டும். கூட்டுத்தொகை மட்டும் பார்த்திருந்தால் எல்லாம் சரி என்று மூடியிருப்பீர்கள். ஒன்று 17.5 வாட்டில் வேகிறது, மற்றொன்று தூங்குகிறது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் இரு பாதிகளிலும் நேர்மின்னோட்டம் (டிசி) சமமாக இருந்தால்தான் ஒன்றையொன்று ரத்து செய்யும், ஹம் என்ற இரைச்சலும் அடங்கும். அடிக்கம்பி அமுங்கியதற்கு இதைவிட நல்ல விளக்கம் வேண்டியதில்லை. புரோப் இல்லாதவர்கள் டிரான்ஸ்ஃபார்மரின் ஒவ்வொரு பாதியின் ஓமையும் அணைந்த நிலையில் அளந்து, ஓடும்போது அதன் குறுக்கே விழும் வோல்ட்டை அதனால் வகுத்தும் கண்டுபிடிக்கலாம். ஆனால் கிளிப்பை அணைந்திருக்கும்போதே மாட்டிவிட்டுத்தான் ஸ்விட்ச். மீட்டரை மில்லியாம்பியரில் வைத்து பிளேட்டில் நேரடியாகத் தொடும் பழைய முறையை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். முனை ஒருமுறை வழுக்கினால் முழு பிளேட் வோல்ட்டும் அதன் வழியே பாயும்.

புதியதைச் செருகும் முன் பயஸ் திருகை மிகக் குளிர்ந்த பக்கத்துக்கு, அதாவது எதிர்மின்னழுத்தம் அதிகமாகும் பக்கத்துக்குத் திருப்பிவிடுங்கள். ட்யூப் இல்லாமலே ஆன் செய்து சாக்கெட்டின் 5ஆவது பின்னில் (கிரிட்டின் இணைப்பு) அளந்தால் எந்தப் பக்கம் என்று தெரியும். இரண்டு சாக்கெட்டிலும் எதிர்மின்னழுத்தம் வருகிறதா என்றும் அப்போதே பாருங்கள். பிறகு செருகி, வால்யூம் பூஜ்யத்தில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள்.

---

ஆறுகம்பி (திருச்சி)

அவசரம். 5ஆவது பின்னில் இரண்டு சாக்கெட்டிலும் மைனஸ் வோல்ட் வந்தது. புதியதைச் செருகி ஆன் செய்தேன். இடது ட்யூப்பின் பிளேட்டில் ஒரு பக்கம் மங்கலான செங்கல் நிறம் ஏற ஆரம்பித்தது, டிபி30 எண் நிற்காமல் ஏறியது. உடனே அணைத்துவிட்டேன். ட்யூப் பழுதா?

---

வால்வு ரேடியோ (யாழ்ப்பாணம்)

உடனே அணைத்தது நல்ல காரியம். சில விநாடி சிவந்ததால் வால்வு செத்திருக்காது. ஆறட்டும். பிறகு இரண்டையும் இடம் மாற்றிச் செருகு. சிவப்பு வால்வோடு சேர்ந்து மறு சாக்கெட்டுக்குப் போனால் வால்வு பழுது. அதே இடது சாக்கெட்டிலேயே நின்றால் குற்றம் ஆம்ப்பில். ஆம்ப்பில் என்றால் முதல் சந்தேகம் சாக்கெட்டின் 5ஆவது பின் தளர்ச்சி. மீட்டர் முனை உலோகத்தைத் தொடும், வால்வின் பின் தொடாது. கிரிட் அந்தரத்தில் தொங்கினால் அதை அடக்க ஆளில்லை. அடுத்த சந்தேகம், கிரிட்டுக்குச் சிக்னலைக் கடத்தும் கப்ளிங் கெபாசிட்டரின் கசிவு.

---

ஆறுகம்பி (திருச்சி)

ஐயா, இடம் மாற்றினேன். சிவப்பு இடது சாக்கெட்டிலேயே நின்றது. அணைத்து, கெபாசிட்டரை வடித்து, அளந்து உறுதி செய்துகொண்டு பார்த்தால், 5ஆவது பின்னின் பிடி விரிந்து கிடந்தது. மெல்லிய ஊசியால் உள்ளே நெருக்கினேன், சுத்தம் செய்யும் திரவம் தெளித்து உலரவிட்டேன். இப்போது ட்யூப் இறுக்கமாக உட்காருகிறது. பழைய ட்யூப்கள் 41, 19 என்று காட்டியதற்கும் இதுதான் காரணமா?

---

சாலிடர்மணம் (சென்னை)

இருக்கலாம், பழையவற்றை ஒருமுறை மறுபடி செருகி அளந்தால் தெரிந்துவிடும். எதுவானாலும் 470 ஓம் ஸ்கிரீன் ரெசிஸ்டர்கள் இரண்டையும் அணைந்த நிலையில் அளந்து விடுங்கள். ட்யூப் சிவக்கும்போது முதலில் அடிவாங்குபவை அவை. அதே நேரத்தில், பலகையில் கருகியதுபோல் தெரியும் 5 வாட் ரெசிஸ்டர்களின் பற்றவைப்பில் விரிசல் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். சேசிஸ் வெளியே இருக்கும்போதே பார்த்துவிட்டால் இரட்டை வேலை மிச்சம்.

---

மதுரை ரிதம் (மதுரை)

என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். என்னுடையதையும் அளந்து பார்க்கப்போகிறேன். பிளேட் வோல்ட் 460 இருந்தால் இஎல்34க்கு மேல் எல்லை 38 மில்லியாம்பியர்தானே?

---

டொராண்டோத் தந்தி (கனடா)

ஆம். 25இல் 70 சதவீதம் 17.5 வாட், 460ஆல் வகுத்தால் 38. நான்கு ட்யூப் என்றால் நான்கையும் தனித்தனியாக அளங்கள். இஎல்34இல் ஸ்கிரீன் மின்னோட்டம் 6எல்6ஐவிட அதிகம் என்பதால் கேத்தோடில் அளந்தால் ஒரு சில மில்லியாம்பியரைக் கழித்துக்கொள்ளலாம். 32, 34இல் தொடங்கிக் கேட்டுப் பாருங்கள்.

---

ஆறுகம்பி (திருச்சி)

பழைய ஜோடியை மறுபடி செருகிப் பார்த்தேன்: 39, 22. ஆகவே சாக்கெட் கொஞ்சம்தான் காரணம்; ட்யூப்கள் உண்மையிலேயே பிரிந்துபோயிருந்தன. ஸ்கிரீன் ரெசிஸ்டர்கள் 468, 473 ஓம், நலமாக இருக்கின்றன. ஒரு 5 வாட் ரெசிஸ்டரின் காலில் மெல்லிய வளையம்போல் விரிசல் இருந்தது, மறுபடி பற்றவைத்தேன்.

புதிய ஜோடியை மத்தியானம் 238 வோல்ட் இருக்கும்போது வைத்தேன். முதலில் 60 மில்லிவோல்ட்டில் வாசித்தேன். சுத்தமான ஒலிதான், ஆனால் மெதுவாக விரலால் மீட்டினால் சுரத்தின் வால் சொரசொரப்பாக முடிந்தது. 66க்கு ஏற்றினேன், பாதி போயிற்று. 71இல் முழுதும் போய்விட்டது; ஆறாவது கம்பி திடமாக நிற்கிறது. 78இல் வைத்தும் பார்த்தேன்: கொஞ்சம் இறுக்கம் குறைந்து மென்மையாயிற்று, அழகாகத்தான் இருந்தது, ஆனால் மேடையில் டிரம்ஸுக்கு எதிரே நிற்க எனக்கு 71தான் பிடித்தது.

71இல் தலைக்கு 34, 37. பிளேட் 423 வோல்ட். பெரியது 15.7 வாட், 30இல் பாதிக்குச் சற்று மேல். ஒரு மணி நேரம் ஓடவிட்டு மறுபடி அளந்தேன், 72. இருட்டில் பார்த்தேன், எங்கும் சிவப்பு இல்லை. கண்ணாடியின் உட்புறத்தில் நீல ஒளி படர்ந்திருக்கிறது. அது கவலைப்பட வேண்டியதா?

---

வால்வு ரேடியோ (யாழ்ப்பாணம்)

கண்ணாடியை ஒட்டிய நீலம் நல்ல வால்விலும் வரும். சத்தத்துக்கு ஏற்ப ஆடும், ரசித்துக்கொள். பிளேட்டுக்கு உள்ளேயும் கேத்தோடைச் சுற்றியும் ஊதா நிறப் புகைபோல் நிரம்பினால் காற்றோ வாயுவோ இருக்கிறது என்று பொருள். தலையில் உள்ள வெள்ளிப் பூச்சு பால்போல் வெளுத்துவிட்டால் வெற்றிடம் போய்விட்டது, அதை ஆன் செய்யவே கூடாது.

---

ஏசி15 (கோவை)

இதையெல்லாம் படித்ததும் ஓர் ஆசை. ஹாட் ராட் டீலக்ஸில் இஎல்34 போட்டால் மார்ஷல் ஒலி வருமா? பின்கள் ஒன்றாகத்தானே இருக்கின்றன.

---

சாலிடர்மணம் (சென்னை)

செருக முடியும் என்பதற்காகச் செருகவேண்டாம். 6எல்6 ஒன்றின் ஹீட்டர் 0.9 ஆம்பியர், இஎல்34க்கு 1.5. இரண்டுக்குச் சேர்த்து 1.2 ஆம்பியர் கூடுதல் சுமையை அந்தப் பவர் டிரான்ஸ்ஃபார்மர் தாங்குமா என்பது முதல் கேள்வி. இரண்டாவது, இஎல்34இன் 1ஆவது பின் சப்ரெஸர் கிரிட் (மூன்றாவது கிரிட்). அது கேத்தோடான 8ஆவது பின்னோடு இணைந்திருக்கவேண்டும். 6எல்6க்கு 1ஆவது பின் தேவையில்லை என்பதால் பழைய ஃபெண்டர்களில் அதை வயர் கட்டும் முளையாகப் பயன்படுத்தி, கிரிட் ரெசிஸ்டரை அங்கேதான் பற்றவைத்திருப்பார்கள். அதில் இஎல்34ஐச் செருகினால் சப்ரெஸருக்கே சிக்னல் போகும். மார்ஷல் ஒலி வேண்டுமென்றால் ஸ்பீக்கரை மாற்றிப் பாருங்கள். செலவும் குறைவு, திரும்பப் பழையபடி ஆக்குவதும் எளிது.

ஆறுகம்பி, சேசிஸை மூடும் முன் உள்ளே ஒரு சிறு காகிதத்தில் தேதி, சுவர் வோல்ட், பிளேட் வோல்ட், 34, 37 என்று எழுதி ஒட்டிவிடுங்கள். அடுத்து இதைத் திறப்பவருக்கு, அது நீங்களாகவே இருந்தாலும், எங்கிருந்து தொடங்குவது என்று தெரியும்.

---

ஆறுகம்பி (திருச்சி)

எழுதி ஒட்டிவிட்டேன். பழைய ஜோடியில் 22 இழுத்ததைத் தூக்கிப் போட்டுவிட்டேன். 39 இழுத்ததை ‘சோதனைக்கு மட்டும்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். மதுரை ரிதம், உங்கள் நான்கு இஎல்34இன் அளவுகளையும் இங்கே போடுங்கள். திருச்சிப் பக்கம் வந்தால் புரோப்பை நானே எடுத்து வருகிறேன்.